விற்காத மல்லி

என் அம்மாவின் ரத்தத்துக்கு ஓர் எண் உண்டு. அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் ரத்தம் கட்டியாகலாம். மேலே ஏறினால் சும்மா இருக்கும்போதே கசியலாம். மாதம் ஒரு தடவை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு லேபில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அந்த எண்ணுக்காகக் காத்திருப்போம்.

அம்மாவுக்குச் சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது என்பது அவளுடைய நாற்பத்திரண்டாவது வயதில், பஸ் படியில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான இடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் ஓடுவதுபோலக் கேட்கும். அந்த உலோகத்தில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாகவா என்பதைச் சொல்வதுதான் எண்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நான் மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். வண்ணார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தராசிலும் பஸ்ஸிலும் இருக்கிற எண்கள் மட்டும் படிக்கத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டை நான் வாங்கிப் படிக்கும்போது இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு தப்பை எழுதி வைக்க வேண்டும்.

அம்மா டவுண் மார்க்கெட்டில் மல்லி, புதினா, கறிவேப்பிலை விற்கிறாள். ஈரச் சாக்கை விரித்து, கட்டுகளை வட்டமாக அடுக்கி, நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அப்பா அதே மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். இலைகளோடு சேர்த்து அம்மா வைத்தியமும் சொல்வாள். வாய் கசந்தால் மல்லித் துவையல். வயிறு உப்பினால் புதினாவைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். முடி கொட்டினால் கறிவேப்பிலையை எண்ணெயில் காய்ச்ச வேண்டும். போன் வந்த பிறகு ஆட்களே வைத்தியத்தோடு வந்தார்கள். “வீடியோல சொன்னான், பச்ச மல்லிய அரைச்சு வெறும் வயித்துல ஒரு செம்பு குடிச்சா ரத்தம் சுத்தமாவுமாமே” என்று கேட்டு, பத்துக் கட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அம்மா சந்தோஷமாகக் கட்டிக் கொடுப்பாள்.

எனக்கு அந்தப் பேச்செல்லாம் அப்போது இளக்காரம்தான். மருந்து என்றால் அட்டைக்குள் இருப்பது, அளவு எழுதியிருப்பது. மல்லி ரசத்துக்கு மேலே தூவுகிற சாமான். அதனால் நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். கீரை வகைகளைத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அதில் இருந்தது. கீரையில் இருக்கும் ஒரு சத்து ரத்தத்தை உறைய வைக்க உதவும். அம்மாவின் மாத்திரை அதற்கு எதிர் வேலை செய்யும். இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். ஆகவே தாளை விட நான் ஒரு படி மேலே போனேன். எதற்கு வம்பு, கீரையே வேண்டாம்.

“யம்மா, இனிமே இந்த வீட்டுல கீரை கூடாது.”

“ஆயுசுக்குமா?”

“ஆயுசுக்கும்.”

“தண்டங்கீரை மட்டும்...”

“எந்தக் கீரையும் கூடாது.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, “படிச்ச புள்ள சொல்லுதுல்லா, கேளு” என்றார். அம்மா கேட்டாள். அன்றிலிருந்து அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை எதையும் தொடவில்லை.

ஆறு மாதம் அவள் வீட்டில் ஓய்வெடுத்தாள். நான்தான் சமைத்தேன். எண் மூன்றை ஒட்டியே இருந்தது. நான் எண்ணைக் குறித்து வைத்த நோட்டை டாக்டரம்மா பார்த்து, “நல்லா பாத்துக்கிறே” என்றார். நான் அந்த நோட்டை மெடிக்கலுக்குக்கூட எடுத்துப் போய் கூட வேலை பார்க்கிறவர்களிடம் காட்டியிருக்கிறேன். சித்திரையில் அம்மா மறுபடி மார்க்கெட்டுக்குப் போனாள். பாரம் தூக்கக் கூடாது, உட்கார்ந்து விற்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்தார். வைகாசியிலும் ஆனியிலும் எண் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆடியில் ஒன்று புள்ளி ஆறு என்று வந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையைத்தான் முதலில் எடுத்தேன். காலியான குழிகள் சரியாக இருந்தன. இருந்தாலும் கேட்டேன்.

“எத்தனை நாள் மாத்திரை போடல?”

“தினமும்தானே போடுதேன்.”

“பின்ன எப்படி எறங்குச்சு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவ நீ.”

டாக்டரம்மா கால் மாத்திரை கூட்டினார். ஆவணியில் எண் நான்கு புள்ளி ஒன்பது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பஸ்ஸில் யாரோ முழங்கையால் இடித்த இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. டாக்டரம்மா கூட்டிய கால் மாத்திரையைக் குறைத்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“ரெண்டு ரெண்டா முழுங்கினியா?”

அம்மா புதினாவை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “போன மாசம் முழுங்கவே இல்லேன்னே. இந்த மாசம் ரெண்டா முழுங்குதேங்கே. ஏட்டி, எதுலயாவது ஒண்ணுல நில்லு.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மாத்திரைகளை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஒரு மாத்திரையை என் கையால் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். முதல் நாள் அம்மா சொன்னபடி திறந்தாள். இரண்டாம் நாள் வாயைப் பிளந்து, “நாக்கையும் தூக்கணுமா, டாக்டரே?” என்றாள். மூன்றாம் நாளிலிருந்து நான் சொல்வதற்கு முன்பே திறந்தாள். இத்தனை வருஷம் ஈரச் சாக்கில் உட்கார்ந்து, யூனிபாரம் வாங்கி, பீஸ் கட்டி என்னைப் படிக்க வைத்த பெண் என் முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். அப்போது எனக்கு அது கவனிப்பாகவே தெரிந்தது.

புரட்டாசியில் எண் ஒன்று புள்ளி ஐந்து. என் கையால் கொடுத்த மாத்திரை, என் கண் முன்னால் இறங்கிய மாத்திரை. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். இப்படியே ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும், உலோக வால்வில் கட்டி சேர்ந்துவிட்டால் பக்கவாதம் வரலாம், வால்வே அடைத்துப் போகலாம் என்றார். மாத்திரையை மறுபடி கூட்டினார். “வீட்டுல சாப்பாட்டுல எதாவது மாறுதா?” என்று கேட்டார். “இல்லை மேடம், கீரையே கிடையாது” என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தார். வெளியே பெரிய வரிசை நின்றது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஐப்பசியில் அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. காலை ஆறு மணி, மார்க்கெட்டுக்குக் கிளம்பி நிற்கிறாள். சேலை முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. அழுத்திப் பிடித்தும் அரை மணி நேரம் நிற்கவில்லை. ஆட்டோவில் போகும்போது அம்மா முந்தானைக்குள்ளிருந்து, “இன்னைக்கு முகூர்த்தம்ட்டி, லோடு வந்து கெடக்கும்” என்றாள். எண் ஐந்து புள்ளி நான்கு. டாக்டரம்மா மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை வீட்டை விட்டு நகரக் கூடாது.

மறுநாள் நான் மெடிக்கலில் லீவு சொல்லிவிட்டு அம்மாவின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இடம் காலியாகக் கிடந்தால் வாடிக்கை போய்விடும்.

அன்றும் முகூர்த்தம், உட்காரக்கூட நேரமில்லை. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசிப்பிள்ளை அண்ணாச்சி ஒருவர் வந்தார். “அம்மைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே கையால் மல்லியைத் தூக்கித் தூக்கிச் சாக்கில் போட்டார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எட்டு மணிக்கு என் முன்னால் ஈரச் சாக்கும், வாடிக்கைக்காரர்களுக்கு எடுத்து வைத்த ஒரு துணிச் சுருளும்தான் இருந்தன. அடுத்த நாள் முகூர்த்தம் இல்லை. மழை வேறு தூறியது. மத்தியானம் வரை உட்கார்ந்தும் பாதிக்கு மேல் மிஞ்சியது. வாடத் தொடங்கிய கட்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வரிசையில் கீரை விற்கிற அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன முழிக்கே? வீட்டுக்குக் கொண்டு போய் அரைச்சுத் தின்னுங்க. ஒங்கம்மா ஆடி மாசத்துல சட்டி சட்டியால்லா அரைச்சா. ஆபீஸ் போற மாதிரி எங்களுக்கெல்லாம் டப்பால போட்டுக் கொண்டாருவா. கீரை திங்கக் கூடாதுன்னு சொல்லுத ஒன்னைய மாதிரி மகள பெத்தவ வேற என்னத்தத் திம்பா?” என்றாள்.

“எங்கம்மா ஒங்ககிட்ட கீரை வாங்கலதானே?”

“ஒரு கட்டு தொடல. மக சொல்லிட்டாள்னு சாமிக்கு விரதம் இருக்கது மாதிரில்லா இருக்கா.”

நான் மிஞ்சிய மல்லியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் அந்தச் சாக்கு. பஸ் முழுக்க மல்லி வாசம். சுலோச்சன முதலியார் பாலத்தில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. மார்க்கெட்டில் கீரை ஒரு வரிசை, மல்லி புதினா வேறு வரிசை. கீரைக்காரி மல்லி விற்க மாட்டாள், மல்லிக்காரி கீரை விற்க மாட்டாள். ஆயுள் முழுக்க அந்த வரிசையில் உட்கார்ந்தவளுக்கு மல்லி எப்படிக் கீரையாகும்? அவளாவது படிக்காதவள். நான் படித்தவள், எனக்கும் மல்லி கண்ணில் படவே இல்லை. பச்சை இலையில் இருக்கும் அதே சத்து மல்லியில் கீரைக்குக் குறையாமல் இருக்கிறது. இரண்டு இலை தூவினால் ஒன்றுமில்லை. நான்கு கட்டு அரைத்தால்?

வீட்டுக்குப் போனதும் நோட்டையும் தினசரிக் காலண்டரையும் எடுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள்.

“யம்மா, நான் தேதி சொல்லுதேன். அப்ப யாவாரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.”

“எதுக்கு?”

“சொல்லேன். ஆனி கடைசி வாரம்.”

“நல்ல யாவாரம். அந்த வாரம் நாலு முகூர்த்தம். ஒரு எல மிஞ்சல.”

“ஆடி பதினஞ்சுக்கு முன்னால?”

“அத ஏன் கேக்கே. ஆடியில எவன் கல்யாணம் வைப்பான்? கோயில் கொடை நடக்க ஊருக்குக் கறிக்குக் கொஞ்சம் போவும், அதுவும் செவ்வா வெள்ளியோட சரி. மிச்சமெல்லாம் வீட்டுக்குத்தான்.”

“வீட்டுல என்ன செஞ்சே?”

“காலையில துவையல். மத்தியானம் மல்லிச் சோறு. ராத்திரி தோசைக்கு அதே துவையல். ஒங்கப்பா, ‘நான் மனுசனா ஆடா’ன்னு கேட்டாருல்லா.”

எனக்கு நினைவு வந்தது. நான் மத்தியானம் மெடிக்கலிலேயே ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுவிடுவேன். ராத்திரி துவையலைத் தொட்டுக்கொண்டு நான்கு தோசை சாப்பிட்டவளும் நான்தான்.

“ஆவணி?”

“ஆவணி பொறந்த பொறவு மூச்சு விட நேரமில்ல. வீட்டுல ரசத்துக்கு மல்லி இல்லாமக் கெடந்தோம்.”

“புரட்டாசி?”

“கல்யாணமும் இல்ல, பிரியாணிக்கடையிலயும் கூட்டமில்ல. எல்லாம் மிச்சம்.”

ஒவ்வொரு மாதத்துக்கும் நான் எண்ணை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். மல்லி மிஞ்சிய மாதங்களில் எண் தரையில் கிடந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். உடனே முகூர்த்தம் வந்து மல்லி எல்லாம் விற்றுப் போகும். கீரையும் இல்லை, மல்லியும் இல்லை, கூட்டிய மாத்திரை மட்டும் உடம்பில் நிற்கும். எண் கூரைக்கு ஏறும். அம்மாவின் ரத்தம் திருநெல்வேலிக் கல்யாணங்களோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். புரிய வைக்க அதிக நேரம் ஆகவில்லை. “அப்ப இது மருந்துதானே?” என்றாள். குரலில் வெற்றி. “மல்லிக்கு ஒரு சக்தியும் கெடையாதும்பியே.”

“சக்தி இருக்கதுனாலதான் இந்தப் பாடு.”

“நான் மாத்திரைய ஒழுங்கா முழுங்கினேன்.”

“ஆமா.”

“அத வாயால சொல்லு.”

“நீ ஒழுங்கா முழுங்கினே. நான்தான் தப்பாச் சொன்னேன்.”

அம்மா கையை நீட்டினாள். “பெட்டிச் சாவியக் கொண்டா” என்றாள். கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ரத்தம் எடுக்கப் போனபோது டாக்டரம்மா நோட்டையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பார்த்தார். “வேற பச்சை இலை எதாவது சாப்பிடுறாங்களான்னு அன்னைக்கே கேக்க நினைச்சேன்” என்றார். பிறகு அம்மாவிடம் நேராகப் பேசினார். மல்லியை நிறுத்த வேண்டாம். கீரையையும் அடியோடு விட வேண்டாம். எவ்வளவு சாப்பிடுகிறாளோ அதே அளவை நாள்தோறும் சாப்பிட வேண்டும். அதற்குத் தகுந்தபடி மாத்திரையை அவர் சரிசெய்துகொள்வார். அளவு மாறப் போகிறதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தினம் ஒரு சின்னக் கட்டு மல்லி, வாரம் இரண்டு நாள் அளந்து ஒரு கரண்டி கீரை என்று முடிவாயிற்று. கொஞ்ச நாளைக்கு வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும். இது அம்மாவின் உடம்புக்கும் அவள் மாத்திரைக்கும் சொன்ன கணக்கு. இதே மாத்திரை சாப்பிடுகிற இன்னொருவருக்கு அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சுலபம் என்று நினைத்தேன். மல்லிக்காரிக்கு ஒரு கட்டு மல்லி கிடைக்காதா?

கார்த்திகை முதல் முகூர்த்தத்தன்று நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்படியில் மல்லி இல்லை.

“எங்கம்மா?”

“வாடிப் போச்சு.”

“காலையில வந்தது சாயங்காலத்துக்குள்ள வாடிருச்சா?”

அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அண்ணாச்சி வந்து இன்னும் ஒரு கட்டு இருந்தாப் போதும்னு நின்னாரு. வாங்க வந்தவர எப்படி வெறுங்கையா அனுப்ப?” என்றாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கும் அதேதான் நடந்தது. அந்த வார எண் மூன்று புள்ளி எட்டு. நான் கோபப்பட்டேன். அம்மா திருப்பிக் கோபப்படவில்லை. “விக்கிற சரக்க நான் தின்னு பழக்கமில்லட்டி” என்றாள்.

அது உண்மை. எங்கள் வீட்டில் விற்கக்கூடிய எதையும் யாரும் தின்றதில்லை. நசுங்கிய தக்காளி, முற்றிய வெண்டைக்காய், மஞ்சளான மல்லி, இவைதான் அப்பாவும் அம்மாவும் கொண்டுவருவார்கள். மார்க்கெட் வேண்டாம் என்று விட்டதில்தான் நான் வளர்ந்தேன். நல்ல கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க ஆள் நிற்கும்போது, அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள அம்மாவின் கைக்கு வராது. எண்ணையும் வால்வையும் எத்தனை தடவை சொன்னாலும் வராது. என் படிப்பு அந்த இடத்தில் உதவவில்லை.

மார்க்கெட்டில் உட்கார்ந்த அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்ட ஒன்றுதான் உதவியது. வாடிக்கைக்காரர்களுக்கென்று எடுத்து வைத்த கட்டுகளை அம்மா சாக்கின் கடைசியில் ஈரத் துணி சுற்றி வைப்பாள். கோயிலுக்குப் பக்கத்து மெஸ்ஸுக்கு இத்தனை, டீச்சர் வீட்டுக்கு ஒன்று. அவர்கள் வரப் பிந்தினாலும், யார் வந்து எவ்வளவு கேட்டாலும், அந்தத் துணியை அவள் பிரிக்க மாட்டாள். கூட்டத்தில் அதையும் விற்றுவிடாதே என்று கீரை அக்கா என்னைத் தனியாக எச்சரித்திருந்தாள்.

மறுநாள் காலை அம்மா கிளம்பும்போது நான் என் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன்.

“என்னது?”

“நான் வாடிக்கை வைக்கேன். தினம் ஒரு கட்டு மல்லி. எனக்கு எடுத்து வைக்கணும்.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?”

“வாடிக்கைக்காரிய இப்படியா பேசுவ? வேண்டாம்னா சொல்லு, வேற கடையில வச்சுக்கிடுதேன்.”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “கொள்முதல் வெலைக்கும் கொறச்சுக் கேக்கப் போறா, சூதானமா இரு” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஈரத் துணிக்குள் ஒரு கட்டு வீட்டுக்கு வந்தது. பச்சைப் பசேலென்று, வேரில் மண் ஒட்டிக்கொண்டு. என் நினைவில் எங்கள் அடுப்படிக்கு வந்த முதல் நல்ல மல்லி.

அடுத்த முகூர்த்தத்தன்று நான் வேலைக்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போனேன். தவசிப்பிள்ளை அண்ணாச்சி எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டுத் துணிச் சுருளைக் காட்டினார்.

“அதையும் போடுங்க.”

“அது வாடிக்கை.”

“யாருக்கு?”

“எம் மகளுக்கு.”

“ஒங்க மகளுக்கு நீங்களே எடுத்து வைக்கியளா? இது எந்த ஊரு யாவாரம்?”

“அவ வாங்குதா, நான் திங்கேன். டாக்டர் எழுதிக் குடுத்திருக்கு.”

“மல்லியவா?”

“எனக்கு மருந்து அண்ணாச்சி. ஒங்களுக்கு ரசம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அந்த வாரம் எண் மூன்று புள்ளி ஒன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு புள்ளி ஒன்பது.

உண்மையான சோதனை மார்கழிதான். கல்யாணம் கிடையாது, மிஞ்சுகிற மாதம். ஒரு கட்டைத் தனக்கென்று எடுக்கத் தெரியாதவளுக்கு ஒன்பது கட்டைத் தின்னாமல் விடவும் தெரியாது. இலையைக் குப்பையில் போடுவது அம்மாவுக்குப் பாவம். நான் தினமும் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் அம்மியில் எப்போதும் அந்த ஒரு கட்டுத் துவையல்தான் இருந்தது. மிச்சத்தை அவள் தெருவில் கொடுத்துவிட்டு வந்தாள். சும்மா கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நின்று கேட்டேன். அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் மல்லிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க, அம்மா கட்டைக் கொடுக்காமல் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மாத்திரை சாப்பிடுதிய?”

“பிரசருக்கு ஒண்ணு. எதுக்கு கேக்கே?”

“ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை உண்டா?”

“அதெல்லாம் இல்ல.”

“நெசமாத்தானா? வீட்டுல கேட்டுட்டு வாங்க.”

“ஒரு கட்டு மல்லிக்கா இம்புட்டு விசாரணை?”

“ரசத்துக்குன்னா கொண்டு போங்க. வீடியோவப் பாத்துச் செம்பு செம்பாக் குடிக்கன்னா, ஒங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிங்க. எம் மக அந்தா நிக்கா, அவள வேணா கேளுங்க. மெடிக்கல்ல இருக்கா.”

அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். சமையலுக்குப் போடுகிற மல்லிக்குப் பயப்பட வேண்டாம், மருந்தாக நினைத்து அளவில்லாமல் குடிப்பதென்றால் சாப்பிடுகிற மாத்திரைகளைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது என்று. இப்போது மெடிக்கலில் இந்த மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் நானும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். “கீரை சாப்பிடுதியளா?” என்பதோடு நிறுத்தாமல், “வீட்டுல துவையல் அரைப்பியளா, எத்தனை நாளைக்கு ஒருக்க?” என்று. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள். புத்தகத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

மார்கழிக் கடைசியில் ரத்தம் கொடுத்துவிட்டு லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆடியையும் புரட்டாசியையும் போலத்தான் இந்த மாதமும். எண் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கை. நான் நோட்டில் பழைய எண்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் புதினா எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுவதற்குள் அம்மா எழுந்து போய் ஜன்னலில் தாளை வாங்கிவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக்களைத் தாண்டி விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“இதுதானே? ரெண்டு புள்ளி எட்டு.”

நான் எட்டிப் பார்த்தேன். அதுதான்.

டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இப்படியே போகட்டும், இனி வாரா வாரம் வேண்டாம், மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்றார். அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து நான் அதைப் படித்துச் சொன்னேன். அம்மா நின்றுவிட்டாள்.

“தையில அன்னைக்கு முகூர்த்தம்ட்டி. திரும்பப் போயி மறுநாளுக்கு மாத்தி எழுதி வாங்கிட்டு வா. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கேன்.”